உலைக்கு வந்த கேமரா

கேமராவின் முன்கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. வீரராகவன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

கொல்கத்தாவில் பெஹாலாவைத் தாண்டி இருக்கும் அந்த பாட்டில் தொழிற்சாலையில் உலைக்கு அவர்தான் மேலாளர். முன்பெல்லாம் உலைத் துவாரத்தில் வெப்பமானியை நீட்டிப் பார்த்துவிட்டு அவர் திரும்பினால் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். "வீராதா, கொத்தோ?" வீரா அண்ணா, எவ்வளவு என்று வங்காளத்தில் கேட்பார்கள். அவர் சொன்ன பிறகுதான் உலைக்குப் போகும் காஸைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

இப்போது வைஷாலியைக் கேட்கிறார்கள்.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் கேமராவை வரவழைத்து உலைச்சுவரில் பொருத்தியவள் அவள்தான். உள்ளே ஒவ்வொரு செங்கல்லின் சூடும் திரையில் நிறம் நிறமாகத் தெரிந்தது.

கேன்டீனில் இப்போதெல்லாம் முதல் டீ அவளுக்குத்தான் போகிறது. அதைக்கூட அவர் கவனித்திருந்தார்.

இன்று டைரக்டரே திரையைப் பார்க்க வந்திருந்தார்.

உலைக் கூரையின் சூடு குறைவாகக் காட்டியது. தூசி மறைத்தால் அப்படித்தான் காட்டும். உண்மையில் கூரைச் செங்கல் தாங்கக்கூடிய சூட்டின் விளிம்பில் இருந்தது. வீரராகவனுக்கு அது தெரியும்.

காஸைக் கூட்டலாமே என்றார் டைரக்டர். ஆபரேட்டரின் கை வால்வுக்குப் போயிற்று.

கூட்டட்டும். அந்தத் திரை பொய் சொல்வதை எல்லோரும் பார்க்கட்டும். கூரை உருகுவதற்குள் நாமே ஓடிப்போய் நிறுத்திவிடலாம். அப்புறம் யாரைக் கேட்பார்கள்?

"வேண்டாம்!"

வைஷாலி. திரை காட்டுவது தப்பு, கண்ணாடியில் தூசி என்றாள். அவளே ஓடிப்போய்த் துடைத்தாள். திரையில் எண் மளமளவென்று ஏறி, அபாயக் கோட்டைத் தொடப்போய் நின்றது. ஆபரேட்டர் வால்விலிருந்து கையை இழுத்துக்கொண்டான்.

டைரக்டர் அவளைப் பாராட்ட வாயெடுத்தார்.

"தூசியை முதலில் பார்த்தது நான் இல்லை, வீராதாதான்" என்றாள் வங்காளத்தில்.

எல்லோரும் கைதட்டினார்கள். டைரக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீரராகவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாராட்டைக்கூடப் பிச்சையாகப் போடுகிறாளே.

வைஷாலி பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"காலைல நீங்க குனிஞ்சு பார்த்தப்போ, நான் பின்னாலதான் நின்னுண்டிருந்தேன் சார். நீங்களே சொல்லிடுவேள்னு நெனைச்சேன்."

டைரக்டர் இன்னும் அவர் கையை விடவில்லை.