ட்ராலிக் குகை

"ஏட்டி, நீதான் கூப்பிட்ட. என் காதுல விழுந்துச்சுல்லா—"

"நான் வாயே தொறக்கலண்ணே. ஒங் கொரல் எனக்குத் தெரியாதா, நீதான்—"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேலே தாம்பரம் வண்டி போனபோது மட்டும் நிறுத்தினார்கள். கடைசிப் பெட்டி தாண்டியதும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

எதிரே குகை. மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில், தண்டவாள மேட்டுக்கு அடியில், கறுத்துப்போன செங்கல் வளைவு. ஏரியைத் தூர்த்து வீடு கட்டிய காலத்தில் மண் சுமந்த ட்ராலி வண்டிக்காகக் குடைந்தது என்பார்கள். ட்ராலித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் குகையை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்குத்தான் அதன் வாயைச் சுவர் வைத்து அடைக்கிறார்கள். உச்சியில் ஓர் ஆள் தலை நுழையும் ஓட்டைதான் பாக்கி.

சுந்தரவல்லி கையில் பொரியுருண்டைப் பொட்டலம். அண்ணன் ஜவஹர் கையிலும் அதேதான்.

அம்மா பேச்சியம்மாள் செய்த வேலை. மகனிடம் நேரில் சொல்லியிருக்கிறாள். மகளுக்குப் பக்கத்து வீட்டு சகினாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். குகையை மூடுவதற்கு முன்னால் போய் பொன்ராஜுக்கு வைத்துவிட்டு வர வேண்டும். மற்றவரும் வருவார் என்பதை மட்டும் இருவருக்கும் சொல்லவில்லை.

பொன்ராஜ் அவர்களுக்கு இளையவன்.

அறுபத்தெட்டு ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், மூவருமாக இங்கே வந்தார்கள். தெருப்பிள்ளைகளுக்குள் அப்போது அதுதான் பேச்சு. குகை மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் போய்த் திறக்கும் என்பாள் சகினா. இல்லை, கிண்டியில் கவர்னர் பங்களாவுக்குள் என்பான் ஜவஹர். உள்ளே போய்ப் பார்த்தே விடுவது என்று முடிவானது. சின்னவன் வாசலில் காவல்.

உள்ளே பேசக் கூடாது, பேசினால் வௌவால் வந்து முகத்தில் அறையும் என்று ஜவஹர் சொல்லியிருந்தான். மெழுகுவத்தி அணைந்த பிறகும் இரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. ஆளுக்கொரு பக்கமாகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள்.

வாசலிலிருந்து பொன்ராஜ் கத்திக் கேட்டான், அக்கா, நானும் வரவா என்று.

வா என்றது இருட்டுக்குள் ஒரு குரல்.

அவன் ஓடி வந்தான். ஓரமாக நடக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நடுவில் இருந்த பள்ளம் நிறைய மழைத்தண்ணீர் நின்றது.

அன்றைக்கு யார் அவனை உள்ளே கூப்பிட்டது என்று அப்பா கேட்டபோது அவள் அண்ணனைக் கைகாட்டினாள். அவன் அவளைக் கைகாட்டினான். அந்தக் கைகள் இன்னும் இறங்கவில்லை.

அப்பா காலத்துக்குப் பிறகு ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையும் வீடும் ஜவஹரிடம் வந்தன. மந்தைவெளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கையை அவன் ஒரு நாளும் வீட்டுக்கு வா என்று சொன்னதில்லை. வா என்று சொல்லாத வாசலை அவள் மிதித்ததும் இல்லை. அம்மாவைக் கோயிலில் வைத்துத்தான் பார்ப்பாள். போன ஆடியிலிருந்து அம்மா படுத்த படுக்கை. கோயிலும் இல்லாமல் போயிற்று.

இங்கே அண்ணனைப் பார்த்ததும் அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். பழைய சண்டைதான் வந்து விழுந்தது.

அம்மா கண்ணை மூடுவதற்குள்ளாவது நிஜத்தைச் சொல்லிவிடு என்றான் அவன். அதையே அவளும் கேட்டாள். தாலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். அவன் தன் பெண் குழந்தையின் தலைமேல் சத்தியம் என்றான். மறுபடி இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. பிறகு தொண்டை வறண்டு இருவரும் ஒருசேர ஓய்ந்தார்கள்.

சாரத்தின் மேல் நின்ற கொத்தனார் அம்மாசி, நாய் கீய் உள்ளே மாட்டிக்கொண்டதோ என்று ஓட்டைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். தலையை எடுக்காமலேயே, கீழே கலவை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி காதரைச் சத்தமாகக் கேட்டார்.

"மேஸ்திரி, மூடிடவா?"

"வா."

காதர் வாய் திறக்கவில்லை. குரல் உள்ளேயிருந்து வந்தது.

சுந்தரவல்லிக்கு அது அச்சு அசல் அண்ணன் குரல். திரும்பினாள். ஜவஹர் ஏற்கெனவே அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடுகள் மூடியிருந்தன. அவளுடையவையும்.

காதர் சிரித்தார். "அத்த நீ இன்னா கேட்டாலும் கடசியத்தான் திருப்பிச் சொல்லும். மூடு நைனா."

அம்மாசி கல்லை வைத்தார். கரண்டியால் கலவையை வழித்துப் பூசினார். இனி வெளியே யார் எதைக் கேட்டாலும் உள்ளேயிருந்து பதில் வராது.

ஜவஹர் குனிந்து பொட்டலத்தைச் சுவரடியில் வைத்தான். அவள் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். வெகுநேரம் துண்டை விலக்கவில்லை. பிறகு அவளைப் பார்க்காமல், மாம்பலம் பக்கம் நாலு எட்டு நடந்தான். நின்றான். திரும்பவில்லை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எண்ணே, நான் வீட்டுக்கு வரவா?"