அரை வாளி

காட்டில் கட்டில்லாமல் மேயும் இரண்டு ஒட்டகங்களிடம் தினமும் பால் வாங்கும் வாளி ஒன்று இருந்தது. மணல்காட்டு இனத்தைச் சேர்ந்த நெட்டச்சி அதைத் தளும்பத் தளும்ப நிரப்புவாள். மலையடிவாரத்து இனமான கட்டச்சி கொடுப்பதோ அரை வாளிதான்.

வாளிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் கட்டச்சி, நீயும் அதே முள்ளைத்தானே மேயுற? அவளைப் பார்த்தாவது ரோஷம் வர வேண்டாமா?”

“நானும் முழுசாத்தான் கொடுக்கிறேன்,” என்றாள் கட்டச்சி. “மீதி அரை வாளி அதோ துள்ளிக்கிட்டிருக்கு பார்.”

வாளி எட்டிப் பார்த்தது. கட்டச்சியின் குட்டி புதருக்குப் புதர் தாவிக்கொண்டிருந்தது. நெட்டச்சியின் குட்டி விலா எலும்பு தெரிய, தாயின் நிழலில் சுருண்டு கிடந்தது.

நெட்டச்சி அசைபோடுவதை நிறுத்தினாள்.

மறுநாள் வாளி பாதி நிறைந்ததும் அவள் மீதிப் பாலை மடியிலேயே ஒளித்துக்கொண்டாள். கறப்பவன் தட்டிக்கொடுத்தான், அதட்டினான். ஒரு சொட்டு இறங்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அலுப்போடு எழுந்து போனான். உடனே நெட்டச்சி தன் குட்டியை முகர்ந்து மடியருகே தள்ளினாள்.

குட்டி சப்புக்கொட்டும் சத்தத்தை வாளி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

“மெதுவாக் குடிடா,” என்றது, “புரையேறிடப் போகுது.”