டத்தோவின் கரிசனம்

மலேசியாவின் ஈப்போ நகரக் கிளினிக்கில், சுல்தானிடம் ‘டத்தோ’ பட்டம் வாங்கிய டத்தோ ரம்லி கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

“என் டிரைவர் சுக்ரி போன வருஷம் இங்க புராஸ்டேட் சோதனைக்கு ரத்தம் குடுத்தான். தகவலே வரல, நல்லாத்தான் இருக்கும்னு விட்டாச்சு. இப்ப சிறுநீர்ல ரத்தம் வருது.”

டாக்டர் கோப்பைப் புரட்டினார். “ரத்தத்துல புராஸ்டேட் புரத அளவு கூடியிருந்துச்சு டத்தோ. அதை வச்சே புற்றுநோய்னு சொல்லிட முடியாது. மறுபடி ரத்தம் பார்த்து, ஸ்கேன் எடுக்கணும்னு மூணு தடவை போன் பண்ணோம். ‘நான் எங்கடா ரத்தம் குடுத்தேன், ஏமாத்துக்காரப் பசங்களா’ன்னு திட்டிட்டு வச்சிட்டாரு.”

“அவன் சொன்னது நெசந்தான்.” டத்தோ சட்டைக் கையை மெல்ல மடக்கினார். “டத்தோவுக்கு அங்க கோளாறுன்னு ஊரு சிரிக்குமேன்னு, அவன் பேரையும் நம்பரையும் குடுத்தேன். ஒரு வருஷம் போச்சு.”

தாதி ஊசியோடு வந்தாள். “பேரு?”

“ரம்லி,” என்றார். “வெறும் ரம்லி.”