அக்கரை

"சார், இந்த ஆத்துக்கு அக்கரை இல்லையே. கொஞ்சம் வரைஞ்சு குடுத்துடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வரைந்த படத்தை என் மேஜை மேலேயே போட்டு, எனக்கே பாடமா?

வந்தவர் பஸ் டிரைவர். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. போன வருஷம் இவர் மனைவி, டீச்சர், என் கண்காட்சியில் இதன் முன்னால் வெகுநேரம் நின்று, ஆசைப்பட்டு வாங்கிப் போனார். இக்கரையில் ஒரு படகு. அப்புறம் தண்ணீர், தண்ணீர், அதற்கு மேல் மூடுபனி. அவ்வளவுதான் படம்.

"அக்கரை தெரியாததுதான் இதுக்கு உயிரே. அதை வெச்சா வெறும் காலண்டர் படம். உங்க வீட்டம்மாவே அதுக்காகத்தானே வாங்கினாங்க?"

"ஆமா சார். இப்ப அவளுக்குத் தெரியாமதான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"திருட்டுத்தனமாவா? ரொம்ப நல்லா இருக்கு!"

தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை.

"பெருசா வேண்டாம் சார். ரெண்டு மரம், ஒரு வீடு. வாசல்ல ஒரு ஆள்."

"ஓ, ஆள் வேறயா!"

சட்டைப் பையிலிருந்து சின்ன போட்டோ ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அவளோட அம்மா சார். அவ காலேஜ் படிக்கும்போதே போயிட்டாங்க. இந்த ஜாடை வந்தா போதும்."

"என் ஆத்துல உங்க மாமியாரை நிக்க வைக்கணுமா? போட்டோ ஸ்டூடியோவுக்குப் போங்க ஐயா. ஒரு படத்தை ரசிக்கத் தெரியலைன்னா சும்மாவாவது விடணும்."

"கோவிச்சுக்காதீங்க. ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டா..."

"விளையாடறீங்களா? ஆயில் பெயின்ட்! காயவே நாலு நாள் ஆகும்."

"ஈரமா இருந்தாலும் பரவாயில்லை சார். அவ தொட மாட்டா."

"அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்காங்க. அவ முழிக்கிறதுக்குள்ள கட்டிலுக்கு எதிர்ல மாட்டிடணும்."

"ஏன், என்ன உடம்புக்கு?"

"டாக்டர் கையை விரிச்சுட்டார் சார். ரெண்டு நாளா இந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு, 'அக்கரையில யாருமே தெரியலையேங்க, நான் தனியா எப்படிப் போவேன்'னு அழுறா."