திருப்பி அனுப்பியவள்

"கடைசியா வந்தப்போகூட பொண்ணைத் திருப்பி அனுப்பினது நீங்கதானாம்மா?"

கேட்கும்போதே சுகன்யாவின் குரலில் கோபம் எட்டிப் பார்த்தது.

எம்.ஏ. மகளிரியல் மாணவி அவள். புருஷனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்களைப் பிறந்த வீடு ஏன் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. துணைக்கு யாரும் இல்லாமல் பாகூர் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. நாந்தான் அனுப்பினேன்" என்றாள் அம்சவள்ளி, தலை நிமிராமல்.

"உடம்பெல்லாம் காயத்தோட வந்தாங்களாமே?"

"ஆமா. முதுவெல்லாம் தடிச்சிக் கெடந்துது."

"அப்புறமும் எப்படி மனசு வந்துச்சு?"

"ஊரு இன்னா பேசும்னு நெனைச்சேன்."

மண்ணாடிப்பட்டில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் செல்வகுமாரி, திரும்பிப் போன அதே வாரத்தில் புருஷன் அடித்த அடியில் செத்துப்போனாள்.

வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நின்ற இளைய மகள் ஜெயசுதா பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

"நல்லா எழுதுங்கக்கா. அவளைக் கொன்னது அந்தாளு மட்டும் இல்ல, இவங்களும்தான். அன்னிக்கு வேலை முடிஞ்சி வூட்டுக்கு வந்து பாக்கறேன், அக்காவைக் காணோம். இவங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருபுவனை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி.

"அந்த போன்ல பதியறத நிறுத்தும்மா."

சுகன்யா நிறுத்தினாள்.

"அன்னிக்கு வேலைக்குக் கெளம்பற அவசரத்துல இவதான் கேட்டா. 'நீ இங்க வந்து குந்திக்கினா என்னை எவன்க்கா கட்டுவான்?'னு. பொண்ணு பாக்க வர்றேன்னவங்க அப்பத்தான் வேணாம்னு சொல்லியிருந்தாங்க. அந்த எரிச்சல்ல வாய்தவறி வந்துடுச்சி. பெரியவ ஒண்ணும் சொல்லல, சிரிச்சா. நானும் அத பெருசா எடுத்துக்கல. நடவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்டாம்மா."

சுகன்யா போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்படிக் கேட்டது இவளுக்கு ஞாபகமே இல்ல. வந்துச்சின்னா உசுரோட இருக்க மாட்டா. எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம். நாந்தான் அனுப்பினேன்னே எழுதிக்கோம்மா."