பியூஸ் பெட்டிக்கு என்ன வயசு?

மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்ணின் தாய்மாமன் கண்ணுச்சாமி மாப்பிள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிய மனுசன், நேராகச் சுவரோரம் போய், மேலே இருந்த பியூஸ் பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

முனியராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன் அவன். இதுவரை வந்த வரன் எல்லாம் வயசைக் கேட்டதும் நழுவிப் போனதால், இந்தத் தடவை அவன் அம்மா பேச்சியம்மாள் தரகரிடம் "முப்பது" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். தலைக்கு நேற்றுத்தான் மை பூசியிருந்தான்.

பெண்ணைப் போன வாரம் கோயிலில் வைத்துக் காட்டினார்கள். மாரித்தாய், சூலக்கரைப் பக்கம் வீடு, பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாள், வயசு இருபத்தாறு என்றார்கள்.

"மெஷின் சத்தத்துல காது நல்லாக் கேக்குமா?" என்று அவனிடமே கேட்டாள்.

"என்னது?" என்றான் முனியராஜ்.

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை. இந்த இடமும் கைநழுவினால் இனிக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தான்.

"அண்ணே, வந்து உக்காருங்க" என்றாள் பெண்ணின் அம்மா முருகம்மாள். பிறகு பேச்சியம்மாளிடம், "தப்பா நினைக்காதீக மதினி. அண்ணன் ஒயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவுக. எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியத்தான் முதல்ல பாப்பாக" என்றாள்.

பேச்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாப் பாருங்க அண்ணாச்சி! எங்க முனியராசுக்குப் பேர் வச்ச அன்னைக்குத்தான் அந்தப் பெட்டிய மாட்டிக் கரண்டு குடுத்தாக. அம்புட்டு ராசியான பிள்ளை!"

முனியராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கண்ணுச்சாமி ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறினார். மெயினை இறக்கினார், தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. மூடியைத் திறந்து, பீங்கான் பியூஸ் கட்டையை உருவி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி சுத்துன ரப்பர் ஒயரு. எழுபதுக்கு மேல நம்ம பக்கம் பிளாஸ்டிக் ஒயர்தான்." மூடியில் இருந்த ஒட்டடையைத் துண்டால் துடைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, மயில் மார்க்கு! இந்தப் பெட்டி இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஒரே ஒரு லோடுதான் வந்துச்சு. அறுபத்தெட்டுல. மறுவருசம் கம்பெனியவே மூடிட்டான்."

"சரிண்ணே, காப்பி ஆறுது" என்று முருகம்மாள் அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

காற்றில்லாத வீட்டில் முனியராஜின் காதோரம் வேர்வை கறுப்பாக வழிந்து, புதுச் சட்டைக் காலரில் இறங்கியது.

"இப்ப ரெண்டாயிரத்து மூணு." கண்ணுச்சாமி ஸ்டூல் மேல் நின்றபடியே விரல்விட்டு எண்ணினார். "அப்ப மாப்பிள்ளைக்கு முப்பத்தஞ்சுல்லா ஆகுது!"

"துருப்பிடிச்ச தகரத்தப் பாத்து வருசம் சொல்லுவீகளாக்கும்?" என்று சீறினாள் பேச்சியம்மாள். "வேற வீட்டுல கழட்டுன பெட்டியா வாங்கி மாட்டியிருப்பாக!"

"கழட்டி மாட்டுன பெட்டின்னா பெட்டியோட வந்த பலகையில ரெண்டு சோடி ஆணித்துளை இருக்கும். இங்கன வந்து பாருங்க, ஒரு சோடிதான்."

பேச்சியம்மாள் அடுத்த பொய்க்கு வாயைத் திறப்பதற்குள் முனியராஜ் எழுந்துவிட்டான்.

"விடும்மா. எனக்கு முப்பத்தஞ்சுதாங்க. மறைச்சது தப்புத்தான். ஆனா மாரித்தாய எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

வந்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடுவார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் கேட்டதோ வேறு.

"வயசு என்ன பெரிய வயசு!" என்றாள் முருகம்மாள் படபடவென்று. "மாப்பிள்ளை உள்ளதச் சொல்லிட்டாக. அதுக்கு மேல என்ன வேணும்? அண்ணே, பேசாம இறங்குங்க. மதினி, தட்ட எடுங்க. இப்பவே மாத்திக்கிருவோம்."

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புட்டுப் பெரிய மனசு உங்களுக்கு!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மெயினைப் போட்டார்கள். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு கைமாறியது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

"கிளம்புவோம்ணே, பஸ்ஸு போயிரும்" என்று முருகம்மாள்தான் அவசரப்படுத்தினாள்.

வழியனுப்ப வாசல்வரை வந்த முனியராஜுக்கு மனசு லேசாகியிருந்தது. பயம் போய், பெரியவர் மேல் மரியாதையே வந்துவிட்டது.

"ஒரு சந்தேகம் ஐயா. என்னைக்கோ வந்த ஒரு லோடு. வருசம் பிசகாம அதெப்படி உங்களுக்கு ஞாபகம் இருக்கு?"

முருகம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கண்ணுச்சாமி அதைக் கவனிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மறக்குமா மாப்ளே? அதே லோடுல வந்த பெட்டியத்தான நம்ம மாரித்தாயி பொறந்த அன்னைக்கு இவ வீட்டுல மாட்டுனேன்!"