வளைவில் டவர் கிடைக்கிறது

ஏலத்தோட்டத்தில் வேலை முடித்த பதினொரு பெண்களோடு ஜீப் கம்பம்மெட்டிலிருந்து இறங்குகிறது. நடுவில் லேப்டாப் பையை அணைத்தபடி பிரின்சி. மறுநாள் ஜீப் எத்தனை மணிக்கு என்று இவர்கள் போனுக்குச் சொல்லும் செயலி அவள் எழுதியது. போனுக்குப் போய்ச் சேராத செய்தி ஒரு மணி நேரத்தில் அழியட்டும் என்று தேனியில் உட்கார்ந்து சர்வரில் அமைத்துவிட்டாள். தோட்டத்தில் டவரே கிடையாது. போன வாரம் ஒருவருக்கும் செய்தி சேராமல், தாமதமாக வந்த ஜீப்புக்காக எல்லோரும் வழக்கம்போல் காலை ஐந்து மணியிலிருந்து பனியில் நின்றார்கள். இன்று நண்பகலில் அனுப்பியதை அழியாமல் இரவுவரை சர்வரில் காத்திருக்க வைத்திருக்கிறாள். சாய்ந்த வெயில் பெண்களின் ஏலக்காய்க் கறை படிந்த விரல்களில் விழுகிறது. ஜீப் வளைவில் திரும்ப, கீழே கம்பம் பச்சையாய் விரிகிறது. தூக்குவாளிப் பைக்குள் ஒரு ‘டிங்’. அடுத்து ஒரு மடிக்குள், பிறகு வரிசையாக மற்றப் போன்களும். பிரின்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மகாலட்சுமியின் போன் மட்டும் ஒலிக்கவில்லை.

“எனக்கு மட்டும் வரலயே, ஆத்தா?”

பிரின்சி அவள் போனை எட்டிப் பார்க்கிறாள். அடுத்த வளைவில் அதுவும் ஒலிக்கிறது. மகாலட்சுமி எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

“நாளைக்கு ஏழு மணிக்குத்தான் ஜீப்பாம். தெனமும் மக உறங்கையிலயே கெளம்பிருவேன். நாளைக்கு நானே சடை பின்னிவிட்டுட்டு வருவேன்.”